90 வயதைத் தாண்டிய மேட்டூர் அணை: பழைய வரைபடமும் லாக் புக்கும் இப்போது ஏன் முக்கியம்?

மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி? சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பல வீடுகளில் காலை காபியோடு சேர்ந்து வரும் கேள்வி இது. 2025 ஜூன் 29 அன்று அணை தன் வரலாற்றில் 44-வது முறையாக 120 அடியை எட்டியது. அன்றைக்கு எல்லா போன்களிலும் அந்த 120 என்ற எண்தான் ஓடியது.

அணையோடு தொடர்புள்ள இன்னொரு எண் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது ஒரு தேதி: 2026 டிசம்பர் 30. நாட்டின் பெரிய அணைகள் ஒவ்வொன்றுக்கும் முதல் ‘விரிவான பாதுகாப்பு மதிப்பீடு’ முடிந்திருக்க வேண்டிய ஐந்தாண்டுக் கெடு அன்றோடு முடிகிறது. மேட்டூரும் இந்தப் பட்டியலில் வரும் அணைதான்.

மதிப்பீடு என்றவுடன், விரிசல் எங்கே, கசிவு எங்கே என்று டார்ச் அடித்துப் பார்க்கும் காட்சிதான் மனதில் வரும். அதுவும் உண்டு. ஆனால் சட்டம் சொல்லும் முதல் வேலை காகிதம் சம்பந்தப்பட்டது. அணையின் வடிவமைப்பு, கட்டுமானம், இயக்கம், பராமரிப்பு, இத்தனை ஆண்டுகளில் அது நடந்துகொண்ட விதம் ஆகியவை பற்றி இருக்கும் தகவல்களை எடுத்து வைத்து ஆராய வேண்டும். ஃபைல் இல்லை என்றால் முதல் படியிலேயே தடுமாற்றம்தான்.

சட்டம் என்ன கேட்கிறது?

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 அதே ஆண்டு டிசம்பர் 30-ல் அமலுக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளும் இதற்குள் அடக்கம். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் சேரும். மேட்டூர் அணையின் உயரம் அடித்தளத்திலிருந்து 214 அடி, அதாவது சுமார் 65 மீட்டர். (120 அடி என்பது தேங்கும் நீரின் அளவுகோல். அதை அணையின் உயரம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர்.)

அணையின் உரிமையாளர் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு அணையிலும் முறையாக எழுதப்பட்ட இயக்க, பராமரிப்புக் கையேடு இருக்க வேண்டும். வெறுமனே அலமாரியில் இருந்தால் போதாது, எந்நேரமும் அதன்படி நடக்கவும் வேண்டும். அணைப் பாதுகாப்பு தொடர்பான தொழில்நுட்ப ஆவணங்கள் எல்லாவற்றையும் தொகுத்து வைக்க வேண்டும். அணைக்கு ஏதாவது ஆனால் பாதிக்கப்படக்கூடிய ஊர்கள், வசதிகள் பற்றிய விவரமும் அதில் சேர வேண்டும். பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு நடக்க வேண்டும். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் தனி ஆய்வு. 30 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கு நிலநடுக்கத்தைப் பதிவுசெய்யும் நிலையமும் தேவை.

இதற்கெல்லாம் மேலே வருவதுதான் அந்த விரிவான மதிப்பீடு. அதைத் துறையின் ஆட்களே செய்துகொள்ள முடியாது, சுயேச்சையான நிபுணர் குழு செய்ய வேண்டும். அணையின் மூல வடிவத்தில் பெரிய மாற்றம் செய்தாலோ, வழக்கத்துக்கு மாறான ஏதாவது தென்பட்டாலோ, மிகப்பெரிய வெள்ளம் வந்தாலோ கெடுவுக்குக் காத்திருக்காமல் மறுபடி செய்ய வேண்டும்.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. டிசைன் டாக்குமென்ட், ரிலீஸ் நோட்ஸ், ரன்புக், இன்சிடென்ட் ரிப்போர்ட், பேரிடர் மீட்புத் திட்டம் எல்லாம் இங்கேயும் உண்டு. ஒரு ஆப்பின் ஆயுள் ஐந்து வருடம், பத்து வருடம். அணையின் ஆயுளோ, அதை வடிவமைத்தவரின் பேரனும் ரிட்டயர் ஆகும் அளவுக்கு நீளம். வித்தியாசம் அதில்தான்.

‘எப்படி’ மட்டும் போதாது, ‘ஏன்’ வேண்டும்

காவிரியில் மேட்டூர்ப் பக்கம் அணை கட்டும் யோசனை ஒரே நாளில் வந்ததல்ல. பொறியாளர் டபிள்யூ.எம். எல்லிஸ் 1910-ல் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். உபரிநீர் வெளியேறும் 16 கண் மதகுப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. மைசூர் அரசோடு இழுபறி தொடர்ந்து, 1924 பிப்ரவரி 18-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலையில் காவிரி வரலாறு காணாத வெள்ளத்தைக் கண்டது. மறு ஆண்டு ஜூலையில் கட்டுமானம் தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21-ல் சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இந்தக் கதையெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததுதான். அணை திறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1940-ல், பொறியாளர் சி.ஜி. பார்பர் எழுதிய காவிரி-மேட்டூர் திட்ட வரலாறு சென்னை அரசு அச்சகத்திலிருந்து நூலாக வந்தது. வேலை முடிந்தது, பில் செட்டில் ஆனது, எல்லோரும் அடுத்த ப்ராஜெக்டுக்குப் போகலாம் என்றிருந்த நேரத்தில், நடந்ததை வரிசைப்படுத்திப் புத்தகமாக்க அன்றைய அரசு செலவு செய்திருக்கிறது. காலனி அரசைப் பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை. இன்று முடியும் பல பாலங்களுக்கும் தடுப்பணைகளுக்கும் கல்வெட்டு மட்டும்தான் மிஞ்சுகிறது.

‘எப்படி’ என்பதை வரைபடம் சொல்லிவிடும். மதகு ஏன் இங்கே வந்தது, எந்த வெள்ளத்தை மனதில் வைத்து அளவு போட்டார்கள், எந்த யோசனையை ஏன் கைவிட்டார்கள் என்பதை வரைபடம் சொல்லாது. அந்தக் காரணங்கள் தெரிந்தால்தான், மழையின் போக்கு மாறியுள்ள இந்தக் காலத்தில் பழைய கணக்கு இன்னும் செல்லுமா என்று கேட்க முடியும். புதிய சட்டமும் வடிவமைப்பு வெள்ள அளவை மறுபடி கணக்கிடுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய கணக்கின் அடிப்படை தெரியாமல் புதிய கணக்கை எதோடு ஒப்பிடுவது?

ஒரே நீர்மட்டம், மூன்று எண்கள்

ஆவணம் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சின்ன உதாரணம் மேட்டூரிலேயே இருக்கிறது. அணை நிரம்பியது என்றால் நாம் சொல்வது 120 அடி. பொறியியல் பதிவுகளில் அதே மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. மத்திய நீர்வள ஆணையத்தின் வாராந்தர அறிக்கையில் அதே மட்டம் 240.79 மீட்டர். மூன்றும் சரி, மூன்றும் ஒரே தண்ணீர்தான். கொள்ளளவும் இப்படியே. தமிழக அறிக்கையில் 93.47 டிஎம்சி, மத்திய அறிக்கையில் 2.647 பில்லியன் கன மீட்டர்.

பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அடியில் வரைந்த 1930-களின் வரைபடத்தையும், மீட்டரில் ஓடும் இன்றைய கணினி மாதிரியையும் புதிதாக வந்த உதவிப் பொறியாளர் ஒருவர் இரவு 2 மணிக்கு, வெள்ளத்தின் நடுவே ஒப்பிட வேண்டியிருந்தால்? எந்த எண் எந்த அளவுகோலில் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கையேடு என்பதன் வேலையில் பாதி இதுதான்.

93.47 என்ற எண்ணிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது அணை கட்டியபோது கணக்கிட்ட கொள்ளளவு. ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, வண்டலையும் கொண்டுவருகிறது. 90 ஆண்டுகளாக அடியில் படிந்த வண்டல் தண்ணீரின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அணை வரலாற்றில் முதல்முறையாக வண்டல் எடுக்கும் பணி தொடங்கியதே 2017 மே மாதத்தில்தான். ஆனாலும் 120 அடி என்றால் 93.47 டிஎம்சி என்றே தினசரி அறிக்கை வருகிறது. சாஃப்ட்வேர் உலகில் இதற்குப் பெயர் உண்டு: கோட் மாறிவிட்டது, டாக்குமென்ட் மாறவில்லை.

இதில் அரசியலும் கலந்திருக்கிறது. காவிரிப் பங்கீட்டுப் பேச்சில் ஒவ்வொரு டிஎம்சிக்கும் எடை உண்டு. கொள்ளளவு குறைந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக எழுதினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கணக்கு பின்னால் வரும். அதனாலேயே பழைய எண் அப்படியே நிற்பது எல்லோருக்கும் வசதி. தண்ணீருக்கு அந்த வசதி தெரியாது. எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்பதைத் தவறாகக் கணக்கிட்டால், வெள்ளம் வரும்போது எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவும் சேர்ந்து தவறும்.

மேல்பகுதியில் பண்ணவாடி மக்களுக்கு இந்த அட்டவணை எதுவும் தேவைப்படுவதில்லை. நீர் வடியும்போது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். அதைப் பார்த்தே நிலவரம் சொல்லிவிடுவார்கள். அணைக்காக இடம்பெயர்ந்த ஊர்களின் ஞாபகம் இன்று அளவுகோலாக நிற்கிறது.

கட்டியதும் வரைந்ததும் ஒன்றா?

எந்தப் பெரிய கட்டுமானத்திலும் வரைபடத்தில் இருப்பது அப்படியே தரையில் வராது. தோண்டும்போது எதிர்பாராத பாறை வரும், சரக்கு மாறும், செலவைக் குறைக்கச் சொல்வார்கள். அதனால்தான் ‘கட்டியபடியான வரைபடம்’ என்று ஒன்றைத் தனியாக வரைந்து வைப்பார்கள். வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். சுவருக்குள் பைப் எந்தப் பக்கம் போகிறது என்று பிளம்பருக்குத்தான் தெரியும். அந்த பிளம்பரும் ஊரை விட்டுப் போயிருப்பார். பிறகு டிரில் போடும்போதுதான் பைப் இருந்த இடம் தெரியவரும்.

அணையில் அதே கதை நடந்தால்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஓரோவில் அணை அதற்குச் சரியான பாடம். 770 அடி உயரம், அந்த நாட்டிலேயே உயரமானது, 1968-ல் முடிந்தது. 2017 பிப்ரவரி 7 அன்று அதன் பிரதான உபரிநீர்ப் பாதையின் கான்கிரீட் தளம் பெயர்ந்து பெரிய பள்ளம் விழுந்தது. அடுத்து அவசரகாலப் பாதையில் தண்ணீர் விட, அதன் கீழே மண் அரிக்கத் தொடங்கியது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,88,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். அணை தப்பியது. சீரமைப்புச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது.

மறு ஆண்டு ஜனவரியில் சுயேச்சையான நிபுணர் குழு அறிக்கை தந்தது. கோளாறு 2017-ல் முளைத்ததல்ல, கட்டிய நாளிலிருந்தே இருந்தது என்றது அது. தளத்தின் கீழே சில இடங்களில் பாறை உறுதியாக இல்லை. வடிகால் குழாய்களுக்கு மேலே கான்கிரீட்டில் விரிசல் ஆரம்ப ஆண்டுகளிலேயே வந்தது, ‘இது சகஜம்’ என்று விட்டுவிட்டார்கள். அரை நூற்றாண்டு காலத்தில் எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் கண்ணால் பார்த்த ஆய்வுகள். பழைய வடிவமைப்பு, கட்டுமானப் பதிவுகளை எடுத்து, ‘இதை இன்றைய அறிவை வைத்துப் பார்த்தால் சரியா?’ என்று யாரும் முழுமையாக ஒப்பிடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆவணம் இல்லாததால் ஓரோவில் விபத்து நடக்கவில்லை என்பது. ஆவணம் இருந்தது. படிப்பதுதான் யாருடைய வேலையாகவும் இல்லை. மேற்பரப்பைப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று எழுதிய ஒவ்வொரு அறிக்கையும் அடுத்த அறிக்கைக்கு ஆதாரமானது. போன வருட ரிப்போர்ட்டை காப்பி பேஸ்ட் செய்து தேதியை மட்டும் மாற்றிய அனுபவம் உள்ள எவருக்கும் இது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

முக்கொம்பும் துங்கபத்ராவும்

பக்கத்திலேயே பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி உபரிநீர் பெருமளவு திறந்துவிடப்பட்டது. ஆகஸ்ட் 22 இரவு, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள மேலணையில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டியது அது. 182 ஆண்டுகள் தாங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் அவ்வளவு வயதான ஒன்றில், எந்தத் தூண் எந்தக் காலத்தில் எந்தச் சுமைக்காக மாற்றப்பட்டது, அதன்பின் மணல் மட்டம் எவ்வளவு இறங்கியது என்ற வரலாறு முழுதாகக் கையில் இருந்தால்தான் அடுத்து பலவீனமாகப் போவது எது என்று ஊகிக்க முடியும். பக்கத்திலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. அதற்கு ஒதுக்கியது 387.60 கோடி ரூபாய்.

2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-வது மதகின் சங்கிலி அறுந்து கதவே போய்விட்டது. மொத்தம் 33 கதவுகள், 70 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. ஓடும் தண்ணீரிலேயே இரும்புத் தடுப்புகளைப் புதிதாகச் செய்து இறக்கி, ஒரு வாரத்தில் அடைத்தார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் மூத்த மதகு நிபுணர் கண்ணய்யா நாயுடு. அவரைக் கொண்டாடியது நியாயம்தான். கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது: அவர் இல்லாமல் போயிருந்தால்?

இது எந்த ஆபீஸிலும் கேட்கும் கேள்வி. ‘அந்த அண்ணன் இருந்தா ஒரு போன்ல முடிஞ்சிடும், அவர் ரிட்டயர் ஆயிட்டா யார்கிட்ட கேட்கிறது?’ நீர்வளத் துறையில் பொறியாளர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறுவார். மதகை ஏற்றி இறக்கும் பணியாளர் பல ஆண்டுகள் அங்கேயே இருப்பார். எந்தக் கதவு எந்தப் பருவத்தில் இறுகும், எந்த மோட்டார் எப்போது மக்கர் செய்யும் என்பதெல்லாம் அவர் காதுக்குத் தெரியும். அந்த அறிவு லாக் புக்கில் ஏறினால்தான் அணைக்குச் சொந்தம். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் நாளில் மாலையும் சால்வையுமாக வீட்டுக்குப் போய்விடும்.

நாமக்கல் கரையில் என்ன பிரச்சினை?

மேட்டூரிலிருந்து திறந்த தண்ணீர் பூலாம்பட்டி தாண்டி, பவானி கூடுதுறையின் எதிர்க்கரையில் குமாரபாளையத்தைத் தொடும். பிறகு பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர். எல்லாம் நாமக்கல் மாவட்டத்தின் ஆற்றங்கரை. 2018-லும் 2022-லும் உபரிநீர் அதிகரித்தபோது குமாரபாளையம், பள்ளிபாளையத்தின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. கலைமகள் வீதி, இந்திரா நகர் என்று அதே பெயர்கள்தான் ஒவ்வொரு முறையும் செய்தியில் வரும். வீட்டிலேயே விசைத்தறி வைத்துப் பிழைக்கும் ஊர்கள் இவை. பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போகலாம். தறியையும் பாவு நூலையும் தூக்க முடியுமா? ஆறு மணி நேரம் முன்கூட்டித் தெரிந்தால் நூலையாவது மேலே ஏற்றலாம்.

இவை அணை நன்றாக இருந்து, மதகைத் திட்டமிட்டுத் திறந்த நாட்களில் நடந்தவை. அசாதாரணமான நாளுக்குத்தான் சட்டம் ‘அவசரகாலச் செயல்திட்டம்’ கேட்கிறது. எந்த நிலையில் யார் யாருக்கு போன் செய்ய வேண்டும், எவ்வளவு தண்ணீர் வந்தால் எந்தத் தெரு மூழ்கும், எவ்வளவு நேரத்தில் மூழ்கும், எந்தப் பள்ளிக்கூடம் முகாமாகும் என்பதெல்லாம் வரைபடத்தோடு அதில் இருக்க வேண்டும்.

இதில் நாட்டின் பழைய மார்க் ஷீட் நன்றாக இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2016 மார்ச் நிலவரத்தில் நாட்டின் 4,862 பெரிய அணைகளில் 349-க்கு மட்டுமே இந்தத் திட்டம் தயாராக இருந்தது. அதாவது 7 சதவீதம். அதன்பின் உலக வங்கி உதவியுடன் நடந்த அணைகள் புனரமைப்புத் திட்டத்தில் நிலைமை முன்னேறியது. 2012-ல் தொடங்கிய முதல் கட்டத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கையேடு எழுதுவது எப்படி, செயல்திட்டம் தயாரிப்பது எப்படி என்று மத்திய நீர்வள ஆணையம் வழிகாட்டி நூல்களையே வெளியிட்டது.

ஆனால் செயல்திட்டம் மற்ற ஆவணங்களைவிட வேகமாகக் கெட்டுப்போகும் சரக்கு. அதிலுள்ள தாசில்தார் மாறுவார், போன் எண் மாறும், ஆற்றோரம் புதிய காலனி வரும். அணையின் கல் 90 ஆண்டு அப்படியே நிற்கும், தொடர்பு எண் பட்டியல் ஒரே வருடத்தில் காலாவதி. ஒத்திகை நடத்திப் பார்த்தால்தான் எந்த எண் எடுக்கவில்லை என்பது தெரியும்.

ஸ்கேன் செய்தால் முடிந்ததா?

அணைகளின் தகவலைச் சேர்த்து வைக்க ‘தர்மா’ என்ற பெயரில் மத்திய நீர்வள ஆணையம் இணையவழி மென்பொருள் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அளவுகள், ஆய்வு அறிக்கைகள், கருவிகளின் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது ஒரு வேலை, அதைப் படித்துப் புரிந்துகொண்டு ‘இது இன்றும் உண்மை, இது மாறிவிட்டது’ என்று குறிப்பு எழுதுவது வேறு வேலை. முதல் வேலைக்கு ஒப்பந்தக்காரர் கிடைப்பார். இரண்டாவதற்குப் பொறியாளரின் நேரம் வேண்டும். டிரைவில் ஆயிரம் பிடிஎஃப் இருந்தும் தேடியது கிடைக்காத அவஸ்தை அலுவலகத்தில் எல்லோரும் பட்டதுதான்.

ரகசியம் என்ற தயக்கமும் இருக்கிறது. அணையின் உள் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் எந்தத் தெரு மூழ்கும் என்ற வரைபடத்துக்கும் அதே பூட்டைப் போடுவதில் நியாயம் குறைவு. மூழ்கப்போகிற தெருக்காரருக்கே தெரியாத வெள்ள வரைபடம் யாருக்கு உதவும்? பீதி கிளம்பும் என்பார்கள். ஆண்டாண்டாக ஆற்றைப் பார்த்து வாழ்பவர்களைப் பற்றிய குறைவான மதிப்பீடு அது.

மாநில உரிமை பற்றிய சர்ச்சையும் ஓயவில்லை. அணை மாநிலப் பட்டியல் விவகாரம், மத்திய ஆணையத்துக்கு இவ்வளவு அதிகாரம் ஏன் என்று தமிழ்நாடு இந்தச் சட்டத்தை எதிர்த்தது. கேரள எல்லைக்குள் இருந்தாலும் தமிழ்நாடு இயக்கும் முல்லைப் பெரியாறு போன்ற அணைகளை வைத்துப் பார்த்தால் அந்தக் கவலை புரியக்கூடியது. முல்லைப் பெரியாறு வழக்கிலேயே, 1979-க்குப் பின் செய்த பலப்படுத்தும் பணிகளின் பதிவுகள் முக்கியமான வாதமாக இருந்தன. 2014-ல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்ததில், என்ன செய்தோம் என்பதைக் காட்ட முடிந்ததற்கும் பங்கு உண்டு. சட்டம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் எந்தப் பக்கம் நின்றாலும், ஃபைல் நம் கையில் இருப்பது தமிழ்நாட்டுக்கு லாபம்தான்.

சட்டத்தின் கீழ் வரும் உத்தரவுகளைப் பின்பற்ற மறுத்தால் ஓராண்டு வரை சிறை, உயிர்ச்சேதம் ஏற்பட்டால் இரண்டு ஆண்டு வரை என்று தண்டனைப் பிரிவு இருக்கிறது. அது எத்தனை பேர் மீது பாயும் என்பது வேறு விஷயம். நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. 100 வயதைத் தாண்டியவை மட்டும் 200-க்கு மேல். இத்தனைக்கும் சுயேச்சையான நிபுணர் குழு அமைத்து, ஒரே கெடுவுக்குள் முடிக்க அனுபவமுள்ள பொறியாளர்கள் போதுமா என்பதுதான் நடைமுறைச் சிக்கல். அவசரத்தில் நடந்தால், கட்டம் கட்டமாக டிக் அடித்த படிவமாக மதிப்பீடு முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஓரோவிலில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

மேட்டூருக்கு வரும் மதிப்பீட்டு அறிக்கையில் மூன்று இடங்களைத் தேடிப் படிக்கலாம். வடிவமைப்பு வெள்ள அளவை எந்த ஆண்டுவரை உள்ள மழைத் தரவை வைத்து மறுகணக்கு செய்தார்கள், 93.47 என்ற கொள்ளளவுக்குப் பக்கத்தில் புதிய எண் ஏதாவது இருக்கிறதா, கட்டியபடியான வரைபடங்களில் எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் இருப்பவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் வார்டு வெள்ள வரைபடத்தில் எந்த இடத்தில் வருகிறது, எச்சரிக்கை முதலில் யார் மூலம் வரும் என்று நகராட்சியிலும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவிலும் கேட்கலாம். பதில் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பருவமழைக்கு முந்தைய ஆய்வு நடப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.